செவ்வாய்ச் சாவடிக்கு ஒரு பாவசங்கீர்த்தனம்

தளபதி இன்பவல்லி செவ்வாய்க் கிரகத்தில் தலைக்கவசம் இல்லாமல் ஜன்னலைத் திறந்து, "ஆகா, என்ன சுகமான காற்று!" என்று சொன்ன வெள்ளிக்கிழமைதான் மரியபுஷ்பம் எழுந்து மாவாட்டப் போனாள்.

மாவாட்டுவதில் தப்பொன்றும் இல்லை. இட்லி தின்கிற வீட்டில் யாராவது ஆட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் 'செவ்வாய்ச் சாவடி' தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து, அது ஓடுகிற நேரத்தில் அந்த வீட்டில் கிரைண்டர் ஓடியதில்லை. அந்த நேரத்தில் விருந்தாளி வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கும், பதில் கிடைக்காது. சொந்தக்காரர்கள் பழகிக்கொண்டு சனிக்கிழமை வந்தார்கள்.

யாகப்பன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவர். பகலெல்லாம் போனில் "லோடு ஏறிருச்சா, எங்க வந்துட்டிருக்கு" என்று கத்திவிட்டு வருகிறவருக்கு வீட்டில் பேச வாயில் ஒன்றும் மிச்சமிருக்காது. மகள் மெர்லின் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, ஃபேனை அமர்த்துங்கள் என்ற அளவில் நின்றுபோனது. வெள்ளிக்கிழமை மட்டும் விதிவிலக்கு. தொடர் முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். மரியபுஷ்பம் தளபதி கட்சி. யாகப்பன், குண்டூசி என்ற இயந்திர மனிதன் கட்சி. தளபதி செய்தது சரியா தப்பா என்று அவள் கையை நீட்டி நீட்டிப் பேசும்போது அவள் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்த களை வரும். அதைப் பார்க்கத்தான் யாகப்பன் வாரம் முழுக்க லாரிக்காரர்களிடம் வசவு வாங்கினார். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. சொல்லுகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆரம்பத்தில் நல்ல தொடர்தான் அது. செவ்வாயில் ஒரு சோதனைச் சாவடி. பூமியிலிருந்து வியாழனுக்கும் சனிக்கும் போகிற கப்பல்கள் அங்கே நின்று, பேப்பர் காட்டி, சரக்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் அந்தத் தொடர் சக்கைப்போடு போட்டதில் வியப்பில்லை. செக்போஸ்ட்டில் நிற்கிற கஷ்டம் தெரிந்த ஜனம். முதல் சீசனில் ஒரு சிலிண்டர் காற்று குறைந்ததற்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்புறம் தொடர் வெற்றி பெற்றது. வெற்றி பெற்றதும் கமிட்டி போட்டார்கள். கமிட்டி போட்டால் என்ன ஆகும் என்று நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாம் சீசனில் இடது கையை இழந்த பொறியாளர், ஐந்தாம் சீசனில் இரண்டு கையாலும் தவில் வாசித்தார். செத்துப்போன விஞ்ஞானி, அது கனவு என்று சொல்லிக்கொண்டு பந்தியில் வந்து உட்கார்ந்தார். குண்டூசிக்குச் சளி பிடித்தது. கடைசியில் தளபதி ஜன்னலைத் திறந்தாள்.

"ஏனுங்க, இந்தப் பொம்பளை காத்து இல்லாம எத்தனை பேரைப் பறிகுடுத்தா? நானும் கூட உக்காந்து அழுதேன். இன்னிக்கு ஜன்னலைத் தொறந்து காத்து வாங்கறா. நீங்களே பாருங்க. நான் மாவாவது ஆட்டறேன்" என்றாள் மரியபுஷ்பம்.

அடுத்த வெள்ளியும் கிரைண்டர் ஓடியது. அதற்கடுத்த வெள்ளியும் ஓடியது. யாகப்பன் தனியாக உட்கார்ந்து பார்த்தார். சண்டை போட ஆளில்லாமல் பார்க்கிற தொடர் உப்பில்லாத கஞ்சிதான். அவருக்குப் பயம் வந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு வெள்ளிக்கிழமையும் போனால் இந்த வீட்டில் அப்புறம் என்னதான் இருக்கிறது?

தொடரின் முடிவில் 'உங்கள் கருத்தே எங்கள் உயிர்மூச்சு' என்று ஒரு நம்பர் ஓடும். அதற்குப் போன் போட்டார். ஒரு குரல் வரவேற்றது. "எல்லையில்லா மகிழ்ச்சி என்றால் எண் ஒன்றை அழுத்துங்கள். மிகுந்த மகிழ்ச்சி என்றால் இரண்டு. மகிழ்ச்சி என்றால் மூன்று. இவற்றை மீண்டும் கேட்டு மகிழ நான்கு." யாகப்பன் எதையும் அழுத்தாமல் காத்திருந்தார். வெகு நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள்.

"சார், நீங்க எதையுமே அழுத்தலையே. உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. கதைதான் சரியில்லீங்க."

 அந்தப் பெண், வெளியே சொல்லக்கூடாத வியாதிக்கு டாக்டர் விலாசம் தருகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்தில் மண்டல ரசிகர் மனநிறைவு முகாம் நடக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு யாகப்பன் நாமக்கல் பஸ் ஏறினார். பைபாஸ் ஓரம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் வாழை மரங்கள் வாசலில் அப்படியே நின்றன. ஃப்ளெக்ஸைக்கூட அவிழ்க்காமல், மாப்பிள்ளை முகத்தின்மேல் குண்டூசியின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். பெண்ணின் முகத்தை ஏனோ விட்டுவிட்டார்கள். பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, 'அன்பர்' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தி உள்ளே அனுப்பினார்கள்.

"உள்ள போயி 'ஏமாற்றம்'ங்கற வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாதுங்க" என்று அட்டை குத்திய பெண் எச்சரித்தாள். "'இன்னும் வந்து சேராத மகிழ்ச்சி'ன்னுதான் சொல்லணும்."

பக்கத்து நாற்காலியில் எருமப்பட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் அர்த்தநாரி, கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். "எனக்கு இன்னும் வந்து சேராத மகிழ்ச்சி ஒரு லாரி லோடு இருக்குதுங்க" என்றார்.

மேடையில் கம்பெனியின் கதைத்துறைத் துணைத்தலைவர் தேவிப்ரியா பேசினார். சென்னையிலிருந்து வந்தவர். பட்டுப்புடவை, காதில் மைக்.

"அன்பர்களே! இந்தத் தொடரைப் பதினாறு எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க நாங்கள் அனுமதிப்பதில்லை. பழைய சீசன்களைப் பார்க்கவும் அவர்களுக்குத் தடை. பழையதைப் பார்த்தால் புதுமை போய்விடும் அல்லவா? இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் பதினாறு பேரும் தளபதியின் பெயரை இன்பவல்லி என்றே எழுதியிருக்கிறார்கள். இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும்?"

கைதட்டல் எழுந்தது. ஒலிபெருக்கியிலிருந்துதான் எழுந்தது.

"பொறியாளரின் கை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அந்தக் கை போனதாக எழுதியவர் நம் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அவர் போன அன்றே கை திரும்பிவிட்டதாக எங்கள் சட்டப் பிரிவு கருதுகிறது."

அர்த்தநாரி எழுந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, அந்த விஞ்ஞானி செத்த அன்னிக்கு எங்கூட்ல அடுப்புப் பத்த வெக்கலீங்க. இப்ப அவன் பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கறான். நாங்க பட்டினி கெடந்ததுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நீங்கள் பட்டினி கிடந்தீர்கள் என்றால் அந்தக் காட்சி வெற்றி ஐயா. அவர் திரும்பி வந்த அன்று சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டனுங்க."

"அப்படியென்றால் அதுவும் வெற்றி."

அர்த்தநாரி யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கணக்கில் எங்கோ இடிக்கிறது என்று தெரிந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

பிறகு ஒவ்வொருவராகத் தனியாகக் குறை கேட்பார்கள் என்று அறிவித்தார்கள். யாகப்பன் பெயர் முதல் கும்பலிலேயே வந்துவிட்டது. மணமகள் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

அந்த அறையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்ப் ஃப்யூஸ் போய் உள்ளே அரையிருட்டு. நடுவில் ஒரு பிரம்புத் தட்டி. போன முகாமில் ஒரு ரசிகர் அதிகாரியை அடையாளம் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் போய்விட்டதால், முகம் தெரியாமல் இருக்க இந்த ஏற்பாடு. தட்டிக்கு அந்தப் பக்கம் மனநிறைவு அலுவலர் தனசேகர் நிழலாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மணப்பெண் உட்காருகிற தாழ்வான மணைப் பலகை ஒன்று கிடந்தது.

யாகப்பன் பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்திருந்தார். கோபமாகவே யோசித்து வைத்திருந்தார். ஆனால் அரையிருட்டு, தட்டி, அதற்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒரு காது. சின்ன வயதிலிருந்து கோயிலில் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கப் போய் இதே காட்சியைப் பார்த்த முழங்கால் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு மடங்கிப் பலகைமேல் ஊன்றியது. கை தானாகச் சிலுவை போட்டது.

"என்னை ஆசீர்வதியுங்க சாமி. நான் பாவி."

தனசேகர் அதுவரை கேட்டதெல்லாம் வேறு ரகம். அவர் அப்பா பெயரைச் சொல்லித் திட்டியிருந்தார்கள், படித்த பள்ளிக்கூடத்தைக் கேவலப்படுத்தியிருந்தார்கள். இப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன்னைத்தானே பாவி என்கிறார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றது குரல், மிருதுவாக.

யாகப்பனுக்கு அந்த நிமிஷமே தான் செய்த கோமாளித்தனம் உறைத்தது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் பாதியில் எழுந்து போனவனை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. யோசித்து வைத்திருந்த குறைகளெல்லாம் மண்டி போட்ட வாயிலிருந்து பாவங்களாக வெளியே வந்தன.

"தளபதி அழுதப்ப நான் சிரிச்சுட்டனுங்க சாமி. அந்த ஆளு ரெண்டு கையில தவில் வாசிச்சப்ப கெட்ட வார்த்தை வந்துருச்சுங்க, மனசுக்குள்ளதான். குண்டூசிக்குச் சளி புடிச்சப்ப, இவன் செத்துத் தொலைஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சனுங்க. போன வாரம் பாதியில தூங்கிட்டேன். மொதல் சீசனையும் இதையும் ஒப்பிட்டுப் பாத்தேன், ஒரு தடவை இல்ல, பல தடவை. இதுக்கெல்லாம் மனஸ்தாபப்பட்டு மன்னிப்புக் கேக்கறேன்."

தட்டிக்குப் பின்னால் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. யாகப்பன் தலைகுனிந்து காத்திருந்தார். ஒன்றும் வராததால் அவரே எடுத்துக்கொடுத்தார்.

"பரிகாரம் சொல்லுங்க சாமி."

தனசேகர் வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. "ஐந்தாம் சீசனை முழுசா மூணு தடவை பாருங்க" என்றார்.

"சரிங்க சாமி."

எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வாசல் வரை போன பிறகுதான் யாகப்பன் திரும்பினார். "சார், நான் சொல்ல வந்தது வேறங்க" என்றார். தட்டிக்குப் பின்னால் ஆள் இல்லை. தனசேகர் பின்கதவு வழியாக மேடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்தில் ஏற்பாடுகள் மாறிவிட்டன. எல்லா அறைகளிலிருந்தும் நாற்காலிகளை எடுத்து வெளியே போட்டார்கள். 'அன்பர்கள் மண்டியிடும் இடம்' என்று எழுதி ஒட்டினார்கள். பல்ப் எரிந்த அறைகளில் பல்பைக் கழற்றினார்கள். குற்றங்களுக்குத் தகுந்த பரிகாரமும் முடிவாயிற்று. கொட்டாவிக்கு ஒரு தடவை பார்ப்பது. நக்கலாகச் சிரித்ததற்கு இரண்டு தடவை. முதல் சீசன் நன்றாக இருந்தது என்பதுதான் மகா பாதகம், அதற்கு ஐந்து சொந்தக்காரர்களையும் பிடித்து உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

"இதுவரை நாங்கள் எழுத்தைத் திருத்தப் பார்த்தோம்" என்று தேவிப்ரியா மேடையில் உருகினார். "எவ்வளவு வீண் வேலை! எழுத்தாளர்களைத் திருத்தினால் கோபித்துக்கொள்கிறார்கள். ரசிகர்கள் பாருங்கள், சொன்னதும் மண்டியிடுகிறார்கள்!"

வரிசையில் நின்ற அர்த்தநாரி யாகப்பனின் கையைப் பிடித்தார். "ஏனுங்க, நீங்கதான மொதல்ல மண்டி போட்டவரு? உள்ள என்னத்தைங்க சொல்லோணும்?"

"நம்ம தப்பைச் சொல்லோணுங்க" என்றார் யாகப்பன் பரிதாபமாக.

"என்ற தப்பு என்னங்க? கோழிக்குத் தீனி போடற நேரத்துல உக்காந்து இதைப் பாத்ததுதானுங்க."

"அதையே சொல்லுங்க."

"இதுக்கு மொட்டை கிட்டை அடிக்கோணுமுங்களா?"

"எங்க வழக்கத்துல இல்லீங்க."

அர்த்தநாரி உள்ளே போய் வெகு நேரம் கழித்து வந்தார். தலைக்குக் குளித்த மாதிரி முகம் தெளிந்திருந்தது. "மனசு லேசாயிருச்சுங்க" என்றார். "ஆனா கதை இன்னும் மோசமாத்தானுங்க இருக்குது."

சாயந்திரம் யாகப்பனை மேடையேற்றி, 'மாதிரி ரசிகர்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. 

"நான் கதையைச் சரி பண்ணச் சொல்லத்தாங்க வந்தேன்" என்றார். "எங்கூட்டம்மா இப்பப் பாக்கறதில்லீங்க. வெள்ளிக்கிழமையானா கிரைண்டர் சத்தந்தான் கேக்குது. நாங்க வேற ஒண்ணும் பேசிக்க மாட்டமுங்க. இதை வெச்சுத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அவ பழையபடி பக்கத்துல உக்காந்து எங்கூடச் சண்டை போட்டாப் போதுங்க. இந்தத் துண்டெல்லாம் வேண்டாங்க." மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

 தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு தனசேகர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. கணவன், மனைவி, கிரைண்டர். ஆறாவது சீசன்ல வச்சுடலாம்." பிறகு யாகப்பனிடம், "ஐயா, உங்க பேரையும் வாழ்க்கையையும் நாங்க எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

நாலு பேர் முன்னால் கேட்டால் யாகப்பனுக்கு இல்லை என்று சொல்ல வராது. "எடுத்துக்குங்க" என்றார்.

வீட்டில் மரியபுஷ்பம், "போன காரியம் என்னாச்சு?" என்றாள்.

"மண்டி போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"பழக்கதோஷம். தட்டியைப் பாத்ததும் முழங்கால் மடங்கிருச்சு."

"கதையை மாத்தச் சொல்லப் போன மனுசன் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தீங்களா?" அவள் பொன்னாடையை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

குருப்பட்டம் பெறாத ஒருவர் சொன்ன பரிகாரம் செல்லுமா செல்லாதா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க யாகப்பனுக்கு வெட்கமாக இருந்தது. செய்துவிடுவதே பத்திரம் என்று ஐந்தாம் சீசனை முதலிலிருந்து போட்டார். ஒரு தரம் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரம் தளபதி ஜன்னலைத் திறந்தபோது அவருக்கே கிரைண்டர் பக்கம் போய்விடலாம் போலிருந்தது. தொடர்மேல் அவருக்கும் ஆசை விட்டுப்போய்விட்டது. இனி வெள்ளிக்கிழமையும் மற்ற கிழமைகளைப் போலத்தான். டிவியை அணைத்துவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் தனசேகர் போன் போட்டார். ஆறாவது சீசன் தொடங்குகிறது, வருகிற வெள்ளி உங்கள் பாத்திரம் வருகிறது, உங்கள் மனைவி பாத்திரமும் உண்டு என்று ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"நானுமா?" என்று மரியபுஷ்பம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "நான் என்னத்துக்கு அந்தக் கருமத்துல? சரி, அந்த ஒரு நாள் மட்டும் பாக்கறேன். மெர்லினுக்குச் சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை இருவரும் சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். திரையில் செவ்வாயின் செம்மண் விரிந்தது. நெஞ்சு வரை தாடி வைத்த யாகப்பர் என்ற முனிவர் மண்டியிட்டு, தளபதியைச் சந்தேகித்த தன் பாவத்தைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், நடுவில் விளம்பரம் வந்து போன பிறகும் பேசினார். அவருடைய மனைவி புஷ்பா தலைவிரி கோலமாக, செம்மண்ணைக் கிரைண்டரில் போட்டு ஆட்டி ஆக்சிஜன் எடுத்துக்கொண்டிருந்தாள். "அத்தான்! உங்கள் சந்தேகமே என் தாலிக்கு எமன்!" என்று அலறியபடி யாகப்பரின் காலில் விழப்போனவள், கால் தவறி, அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு கருந்துளைக்குள் விழுந்துவிட்டாள். யாகப்பர் வானத்தைப் பார்த்து இன்னொரு வசனம் பேசினார். தொடரும் என்று போட்டார்கள்.

யாகப்பன் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தானா?" என்று பக்கத்திலிருந்து குரல் கிளம்பியது. "நான் எப்பங்க உங்களை அத்தான்னு கூப்பிட்டேன்? காப்பியில சக்கரை போட மறந்தாக்கூட வாயைத் தொறந்து சொல்லாத மனுசனைப் போயி இத்தனை பேச்சுப் பேச வெச்சிருக்கானுங்க! தாடி வேற!"

"தாடி நல்லாத்தான இருந்துச்சு" என்றார் யாகப்பன் மெதுவாக.

"நல்லாருந்துச்சா? பொண்டாட்டி குழியில உழுந்துட்டா, இவரு மேல பாத்து வசனம் பேசறாரு! கையைக் குடுத்துத் தூக்க வேண்டாமா?"

"அது கருந்துளை புஷ்பம். கையைக் குடுத்தா அவனையும் இழுத்துரும். நாலாம் சீசன்ல அப்படித்தான வந்துச்சு."

"இழுத்தா இழுக்கட்டுமே! கூடப் போகாத புருஷன் என்ன புருஷன்? நீங்களா இருந்தாப் பாத்துட்டு நிப்பீங்களா?"

"நான் குதிச்சிருப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மரியபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கிச் சோபாமேல் மடக்கிப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினாள்.

"குதிப்பீங்க, குதிப்பீங்க. முழங்கால் வலிக்குதும்பீங்க. அதை உடுங்க, மண்ணை ஆட்டுனா மாவுதான வரும், காத்து எப்படி வரும்? எழுதறவன் ஊட்ல கிரைண்டரே இருக்காதா? வாற வெள்ளிக்கிழமை அவ மட்டும் அதுக்குள்ளிருந்து ஏறி வரலைன்னா இருக்குது. உக்காந்து பாக்காம உடமாட்டேன்."

சண்டை அதோடு நிற்கவில்லை. மெர்லின் போன் போட்டாள், அவளிடமும் ஒரு பாட்டம் நடந்தது. அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது, அதற்கும் எழுத்தாளர்கள்தான் திட்டு வாங்கினார்கள். அவள் முகத்தில் அந்தப் பழைய களை வந்து உட்கார்ந்திருந்தது. யாகப்பன் அதைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே தாடி யாகப்பர் பக்கம் பேசினார்.

ஒருவழியாகத் தட்டுப் போட்டு உட்கார்ந்ததும் சாப்பாட்டு ஜெபத்தை யாகப்பன் சத்தமாகச் சொன்னார். முடிவில் வாய்க்குள் ஒரு வேண்டுதலைச் சேர்த்துக்கொண்டார். ஆண்டவரே, அந்தப் பதினாறு பேருக்கும் தீர்க்காயுசைக் கொடும். கைகால் சுகத்தைக் கொடும். நன்றாக எழுதுகிற புத்தியை மட்டும் கொடுத்துவிடாதேயும்.

என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாமலே மரியபுஷ்பம், "ஆமென்" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.